நெற்றியில் ஒரு சதுரம்

அப்பாவின் வலது காலை லாரி எடுத்துக்கொண்டது. வலியை விட்டுவிட்டுப் போனது. முழங்காலுக்குக் கீழே வெறும் காற்று. அந்தக் காற்றில் கட்டைவிரல் மடங்கிக்கொள்ளும், குதிகாலில் முள் ஏறும். "விரலைப் பிரிச்சு விடுடி" என்று கெஞ்சுவார். அம்மா வெறும் பாயைத் தடவுவாள்.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் ஒரு டாக்டர் பிரான்சிலிருந்து சின்னப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். பேட்டரியில் ஓடுவது. இரண்டு வயர், நுனிகளில் உப்புத்தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சுச் சதுரங்கள். தலத்தெருவிலிருந்து சைக்கிள் கேரியரில் அப்பாவை ஏற்றிப்போனேன். அப்பா துண்டான காலின் மிச்சத்தை நீட்டினார். டாக்டர் தலையைத் தொட்டார்.

"அங்க இல்லீங்க, கால்ல."

"கால் எங்கங்க இருக்கு? வலியைப் பிடிச்சு வச்சிருக்கிறது மூளை. வலது காலுக்கு இடது மண்டை."

"அப்ப எனக்குப் பைத்தியம்ங்கிறீங்க."

"பைத்தியத்துக்கு வைக்கிற கரண்டு வேற. இது எறும்பு ஊர்ற மாதிரிதான். உங்க வலி நெசம்ங்க."

ஒரு சதுரம் உச்சிக்குச் சற்று இடப்பக்கம், முடியை வகிர்ந்து. மற்றது வலது புருவத்துக்கு மேல். ரப்பர் பட்டையால் இறுக்கினார். தினமும் போய்வந்ததில் கட்டைவிரல் கொஞ்சம் பிரிந்தது. ஒரு மத்தியானம் சோற்றை முழுதாகச் சாப்பிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கினார். நிறுத்தினால் விழித்துவிடுவாரோ என்று அம்மா விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் நெற்றியில் சிவப்பாய் ஒரு சதுரம். அக்காவைப் பெண் பார்க்கக் கோவில்பத்திலிருந்து வருவதாக இருந்தது. தெருவில் அதற்குள் பேச்சு: "தலைக்குக் கரண்டு வைக்கிறாங்களாமே, பரம்பரையிலயே இருக்கோ?" பண்டிகைக்கு மட்டும் விபூதி இட்ட அப்பா தினமும் பட்டையாகப் பூச ஆரம்பித்தார்.

"காலு போனதும் பக்தி வந்துடுச்சா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆமா, ஒத்தக்கால் தவம்."

அந்த விபூதிதான் கெடுத்தது. நன்றாகத் துடைக்கச் சொன்னார் டாக்டர். முழுதும் துடைத்தால் திரும்பிப் போகும்போது சிவப்பு தெரியுமே! துண்டால் ஒப்புக்கு ஒற்றிக்கொண்டார். சாம்பல் ஈரத்தைக் குடித்துக் கட்டியானது. ஒட்டிய ஒரு பொட்டு இடத்தில் கரண்டு மொத்தமும் இறங்கியது. எரிந்தால்தான் மருந்து என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சதுரத்தை எடுத்தபோது தோல் வெந்திருந்தது.

"புண் ஆறட்டும். அதுவரைக்கும் வேணாம்" என்றார் டாக்டர்.

புண் ஆறுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். "வாசல் நிலை இடிச்சுடுச்சுங்க" என்று அப்பாவே முந்திக்கொண்டார். அக்கா காபி கொண்டுவந்தாள். வேட்டிக்குள் துடிக்கும் மிச்சக் காலைக் கையால் அழுத்தியபடி, சிரித்துச் சிரித்து நெல் விலை பேசினார். சம்பந்தம் முடிவானது.

புண் ஆறியதும் சைக்கிளை எடுத்தேன்.

"வேணாம். சம்பந்தி ஊர் ஆளுங்க தினம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறாங்க."

"வலிக்குதேப்பா."

"அவ போயி ஒரு புள்ள பெத்துக்கட்டும். அப்பறம் பாக்கலாம்."

அக்கா பெற்றாள். அதற்குள் டாக்டர் பெட்டியோடு பிரான்சுக்கே போய்விட்டார். அப்பா அந்தக் காற்றைப் பிசைந்தபடியே இருந்து, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனார்.

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணிக்கிழிசலோடு வந்தவர், ஒற்றை விரலைப் பிடித்தபடி திகைத்து நின்றார். அம்மா பக்கத்தில் வெறும் பாயைத் தடவினாள்.

"இருங்க, இது இன்னும் மடங்கியிருக்கு. பிரிச்சு விட்டுர்றேன், அப்பறம் கட்டுங்க" என்றாள்.