பாண் ஓட்டோவுக்குள் வந்த மஞ்சள் குருவி

என் புருஷன் உசனார் பதினாறு வருடமாக ஏறாவூரில் பாண் ஓட்டோ ஓட்டுகிறார். விடிந்ததும் பேக்கரியில் சுடச்சுடப் பாண் ரொட்டியும் சீனிப்பாகு பூசிய பணிசும் ஏற்றுவார். பின்னால் கண்ணாடிப் பெட்டி, மேலே ஸ்பீக்கரில் டிங் டிங் என்று ஒரு பாட்டு. சின்னவர்களுக்கெல்லாம் அவர் நானா, அண்ணன் முறை. தெருவுக்குத் தெரு பாணோடு ஒரு கதையும் கொடுப்பார். அதுதான் அந்த மனிசனின் வியாதி. நேற்று வாவியில் கண்ட முதலை இன்றைக்கு இரண்டு முழம் கூட வளர்ந்திருக்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முதல் அவர் உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. முதல் ஆளாகச் சிரித்தவள் நான்.

அது சித்திரை மாதம். கடலில் தாழமுக்கம், மூன்று நாளாக ஓயாத காற்று. வாவிக்கரைக் கண்டல் மரத்தில் ஒரு சின்னக் குருவியைக் கண்டாராம். கறுப்பு முதுகு, வெள்ளைப் புருவம், நெஞ்செல்லாம் மஞ்சள், வாலுக்கு மேலே இன்னொரு மஞ்சள். பிறந்த நாளிலிருந்து வாவியோடு கிடக்கிறவர், அப்படியொன்றைக் கண்டதேயில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற நிருஷா மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

“அப்பிடி ஒரு குருவி இருக்கு நானா,” என்றாளாம் அந்தப் பிள்ளை. “குளிர் காலத்தில மலேசியா, சுமாத்திராப் பக்கம் இருக்கும். சித்திரையில சீனாவுக்குத் திரும்பிப் போகும். அந்த நேரம் பார்த்து வங்காள விரிகுடாவில தாழமுக்கம் சுத்தினா, கிழக்குக் காத்து அதுகள அள்ளிக்கொண்டு கடலுக்கு மேலால இஞ்ச கொண்டுவந்து போடலாம். ஆனா அத்தாட்சி இல்லாம நான் எழுத ஏலாது.”

அவ்வளவுதான். ஊருக்குப் பகிடி பண்ண ஒரு பெயர் கிடைத்தது: சீனாக் குருவி உசனார். பாண் வாங்க வருகிற குஞ்சு குருமான்கூட, “குருவி வந்திட்டா நானா?” என்று கேட்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் பேச்சிருக்காது. பிறகு சித்திரை வந்தாலே போதும், பிறை பார்க்கிற மாதிரி வானிலை அறிக்கைக்காக ரேடியோவுக்குப் பக்கத்தில் காத்திருப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

இந்தச் சித்திரையிலும் தாழமுக்கம் வந்தது. மூன்றாம் நாள் காலை ஓட்டோ சத்தம் கேட்டது, பாட்டைக் காணோம். மனிசன் பாய்ந்து இறங்கினார்.

“பரீனா! என்ட போன் எங்க? கத்தாத, கத்தாத!” என்று அவர்தான் கத்தினார். நான் வாயே திறக்கவில்லை.

வாவிக்கரையில் ஒரு மீன்காரருக்குப் பாண் கொடுக்கப் பெட்டியைத் திறந்தாராம். ஒரு காற்று அடித்ததாம். அதோடு அந்தக் குருவி நேரே உள்ளே போய் பணிசின் மேல் விழுந்ததாம். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். பாண் சூட்டில் கண்ணாடியின் உட்பக்கமெல்லாம் ஆவி. மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

“அது பட்டர் கேக், மச்சான்.”

பட்டர் கேக் நடந்தது. அல்லாஹ்வே, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது!

போனில் படம் எடுத்தார். நாலு படமும் பனிப்புகார் மூடின மாதிரி வெறும் வெள்ளை. நிருஷா மிஸ்ஸுக்கு அழைத்தார். “நானா, திறக்காதீங்க! இருபது நிமிசத்தில வாறன்!” என்று அந்தப் பிள்ளை போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

அதற்குள் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு ஹஸீனா ராத்தா கையில் தட்டோடு நின்றா. ஸாதியா இடுப்பில் பிள்ளையோடு வந்தாள்.

“தம்பி, பாண் தாங்க. பிள்ளைகள் பள்ளிக்குப் போகணும்.”

“இப்ப திறக்க ஏலாது ராத்தா.”

“பெட்டி நிறையப் பாண வச்சிக்கிட்டு இல்லையெண்டு சொல்றீங்களா? இதென்ன அநியாயம்!”

நான் பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். “ஒருத்தரும் தொடக் கூடாது!” இரண்டு வருடமாக அவரைச் சீண்டிய அதே பரீனாதான்.

பத்து நிமிடம் போயிருக்கும். மஞ்சள் நிழல் பணிசிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. கண்ணாடியில் டக் டக் என்றது. பிறகு அதுவும் நின்றது. அவருடைய முகம் மாறிப் போயிற்று.

“சூட்டில செத்திடும் பரீனா.”

“இன்னும் பத்து நிமிசம் மச்சான்! மிஸ் வந்திடுவா! உங்கள இனி ஒருத்தரும் பகிடி பண்ண மாட்டாங்க!”

“அதுக்கு அவ்வளவு நேரம் இல்ல புள்ள. இவ்வளவு கடலத் தாண்டி வந்தது என்ட பாணுக்குள்ள சாகிறதா?”

திறந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குருவி தத்தித் தத்தி விளிம்பில் வந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. “யா அல்லாஹ், அந்தப் புருவத்தப் பாருங்கடி!” என்றா ஹஸீனா ராத்தா. அவர் தடுமாறிப் போனை எடுப்பதற்குள் அது முருங்கை மரத்துக்குத் தாவி, கூரைக்கு மேலால் பறந்து போய்விட்டது.

நிருஷா மிஸ் கமராவோடு வந்து இறங்கும்போது அவர் தலை குனிந்து நின்றார். “போயிட்டு மிஸ். நான்தான் விட்டன்.”

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னார்கள். மிஸ் பொறுமையாகக் கேட்டாள். என்றாலும் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஹஸீனா ராத்தாவுக்குப் பாண் அவசரம், எடுத்துக் கொடுக்கப் பெட்டிக்குள் கையை விட்டேன். குருவி மிதித்த பணிசை எறிவோம் என்று நான் கையில் எடுத்தேன். மேலே பூசிய சீனிப்பாகில் என்னவோ ஒட்டியிருந்தது. நகமளவு மஞ்சள் இறகு.

“மிஸ்!”

மிஸ் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நானா! இது அந்த வாலுக்கு மேல உள்ள இறகு! எழுதலாம் நானா, உங்கட பேரையும் போட்டு எழுதலாம்!” என்று பணிசோடு துள்ளினாள்.

ஸாதியா வாயைப் பிளந்தாள். “அப்ப நானா சொன்னது மெய்தானா?”

எனக்கு வந்ததே கோபம். “என்ட புருஷன் எப்பயாவது பொய் சொல்லியிருக்காரா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“அந்த முதலை மட்டும் கொஞ்சம் சின்னன், பரீனா.”