கறுப்பா இருந்தாலும்

பங்குச் சாமியார் கூப்பிட்டபோது நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உடைந்த சோதனைக் குழாய்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். ஆவூர்ப் பக்கத்தில் நான் பிறந்த ஊர்க் கோயிலுக்குப் புதிதாக வந்தவர். எதையும் புதுசாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்.

"டீச்சர், திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வச்சிருக்கோம். நீங்க வந்து பேசணும்" என்றார்.

எனக்கு இது புதிதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கே மேடை போட்டாலும் ஏதாவது ஓர் அணிக்கு ஒரு பெண் குறைவாள். அந்தக் குறையைத் தீர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டு மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்ற தலைப்பில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். கேட்டவர்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

"தலைப்பு என்ன சாமி?"

"நம்ம அன்றாடப் பேச்சுல நிறவெறி இருக்கா, இல்லையா."

"நான் எந்தப் பக்கம்?"

"இல்லைங்கிற பக்கம். இருக்குன்னு பேச ஆளுங்க உடனே ஒத்துக்கிட்டாங்க. இல்லைன்னு பேசத்தான் யாரும் வர மாட்டேங்கிறாங்க. நீங்க பேசுனா எடுபடும் டீச்சர்."

"நான் பேசுனா ஏன் சாமி எடுபடும்?"

அந்தப் பக்கம் இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க சயின்ஸ் டீச்சர் இல்லையா" என்றார். பாவம், பூசை வைக்கிற மனிதர். சமாளித்துப் பழக்கமில்லை.

நான் கறுப்பு. மரியாதை தெரிந்தவர்கள் மாநிறம் என்பார்கள். என் அக்கா நல்ல சிவப்பு. ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் நாடகம் போடும்போதெல்லாம் அவள் சம்மனசு. வெள்ளை கவுன், அட்டையில் வெட்டிய சிறகு, தலையில் ஜரிகைத் தாளில் வளையம். நான் யேசு பாலனைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் மூன்றாவது, கறுப்பு ராஜா. "ஒனக்கு மேக்கப் செலவு மிச்சம்" என்று நாடகம் பழக்கிய சிஸ்டர் சொல்வார். அதற்காக நான் அழுததாக எழுதினால் பொய். எனக்கு அந்த வேஷம் பிடிக்கும். ராஜாவுக்கு மீசை உண்டு, கிரீடம் உண்டு, கையில் பெட்டி உண்டு. சம்மனசு ஓரமாகக் கைகூப்பி நிற்க வேண்டியதுதான்.

ஆகவே இல்லை என்ற பக்கம் பேச எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பேச்சு வழக்கு பேச்சு வழக்குதானே. யாரும் யோசித்துச் சொல்வதில்லை, நாம் ஏன் யோசித்துக் கேட்க வேண்டும்?

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரை உட்கார வைத்து வார்த்தைகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். அவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். தோசை கிடைக்கும் வரை எந்தத் தலைப்புக்கும் ஒத்துழைப்பார்.

"மொகத்துல கரியப் பூசிட்டான்ங்கிறோம்ல" என்றார்.

"அது எதிரணிக்கு. எனக்குச் சாதகமாச் சொல்லுங்க."

"கருகருன்னு முடி. அது நல்ல வார்த்தைதானே?"

"ஆமா."

"கருப்பட்டி. கருமேகம். ஒங்க சட்டியில வைக்கிற மீன்கொழம்பு. அதுவும் கறுப்புதான்."

அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன். அடுத்த தோசையைப் போடும்போது அவர் சிரித்தார். "ஒன்னப் பொண்ணு பாத்துட்டு வந்தப்ப எங்க சித்தி என்ன சொன்னாங்க தெரியுமா? பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்குன்னாங்க. எனக்கும் அதேதான் தோணுச்சு."

எனக்கு அது தெரியும். கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார். அப்போது அதைக் கேட்டு வெட்கப்பட்டது கூட ஞாபகம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை நானும் எழுதிக்கொண்டேன், என் பக்கத்துக்குச் சாதகமான உதாரணமாக. கறுப்பு என்ற சொல் வருகிறது, முடிவில் பாராட்டு வருகிறது. வேறென்ன வேண்டும்?

திருவிழா அன்று சாயங்கால ஜெபம் முடிந்ததும் பட்டிமன்றம் தொடங்கியது. கோயில் மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் வரிசையில் என் வீட்டுக்காரரும் அக்காவும். கடைக்குப் போனவர்கள் பஜ்ஜிப் பொட்டலத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

நடுவர் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல குரல். கூட்டத்தைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். எதிரணியில் மூன்று பேர். மூன்று பேரும் நல்ல சிவப்பு. கறுத்தவர்களுக்காக அவர்கள் பட்ட வேதனை எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதில் முதலில் பேசிய வக்கீல் தம்பி, வேலைக்கு வந்திருக்கிற வெளிமாநிலத்து ஆட்களை நாம் கூப்பிடும் விதத்தைச் சொன்னபோது கைதட்டல் வரவில்லை. கொஞ்சம் பேர் செல்போனைப் பார்த்தார்கள்.

அணிக்கு ஒருவராக மாறி மாறிப் பேச வேண்டும், அவருக்கு அடுத்து என் முறை. நடுவர் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டு என்னை அறிமுகம் செய்தார்.

"இப்ப பேச வர்ற அம்மா, நம்ம ஊர்ப் பொண்ணு. கெமிஸ்ட்ரி டீச்சர். நிறம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் மேடையில ஏறுனா வெளுத்து வாங்கிருவாங்க. வாங்கம்மா."

கூட்டம் நன்றாகச் சிரித்தது. முதல் வரிசையில் அக்காவும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நானும் பழக்கத்தில் சிரித்தபடிதான் எழுந்து போனேன்.

முதலில் தயார் செய்ததைத் தயார் செய்தபடியே பேசினேன்.

"கருகருன்னு முடி வேணும்னுதானே எண்ணெய் தேய்க்கிறோம்? கம்மாயில தண்ணி இல்லாத வருசம் நம்ம ஆளு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. மேகம் கறுத்தா சந்தோசப்படுறாரா, வெளுத்தா சந்தோசப்படுறாரா? பயந்தவனப் பாத்து மொகம் வெளுத்துப் போச்சுங்கிறோம். திருட்டுத்தனம் தெரிஞ்சிட்டா சாயம் வெளுத்துப் போச்சுங்கிறோம். அதனால கறுப்பு கெட்டது, வெள்ளை நல்லதுன்னு நம்ம பேச்சு எங்கேயும் முடிவு கட்டி வைக்கல."

கைதட்டினார்கள். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "கலர்" என்ற சொல்லுக்குப் போனேன்.

"ஒரு பொண்ணு செவப்பா இருந்தா நல்ல கலருங்கிறோம். கறுப்பா இருந்தா கலர் கம்மிங்கிறோம். நான் ரெண்டு டம்ளர் தண்ணி வச்சு ஒண்ணுல மட்டும் மை ஊத்துறேன்னு வைங்க. எதுல கலர் ஜாஸ்தி? இது நிறவெறி இல்லைங்க. நமக்குக் கெமிஸ்ட்ரி தெரியல, அவ்வளவுதான்."

மைதானமே சிரித்தது. பங்குச் சாமியார் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருந்தால் என் அணி ஜெயித்திருக்கும். ஆனால் கையில் ஓர் உதாரணம் மிச்சம் இருந்தது. வீட்டுக்காரர் கொடுத்தது.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, கறுப்பா இருந்தாலும் களையா இருக்குன்னு சொன்னாங்களாம். இது பாராட்டுதானே? இதுல எங்க இருக்கு வெறி?"

வாய்விட்டுச் சொன்னேன். ஒலிபெருக்கியில் அது மைதானத்தின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்து என் காதில் விழுந்தது. நடுவர் என்னைப் பற்றிச் சொன்ன வாக்கியமும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை என்று அப்போதுதான் உறைத்தது. அதில் கறுப்பு என்ற சொல் உறுத்தவில்லை. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த "இருந்தாலும்" உறுத்தியது. கால் ஊனமாக இருந்தாலும் நன்றாக நடக்கிறான் என்பது போல. மழை பெய்தாலும் கூட்டம் வந்தது என்பது போல. பாராட்ட வந்தவர்கள் முதலில் என்னை ஒரு குறையாக வைத்துவிட்டு அப்புறம்தான் தொடங்கியிருக்கிறார்கள். நான் அதற்கு வெட்கப்பட்டு வேறு இருந்திருக்கிறேன்.

கையில் இருந்த குறிப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறந்துபோய்விட்டது என்று நினைத்து முன்வரிசையில் யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன்.

பிறகு நடுவர் பக்கம் திரும்பினேன். கோபமாக இல்லை. ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"ஐயா, எனக்கு முந்திப் பேசுன தம்பிய நீங்க எப்படி அறிமுகம் பண்ணுனீங்க?"

அவர் யோசித்தார். "வக்கீல், இளைஞர், சமூக ஆர்வலர்னு சொன்னேன்."

"அவரு கலர் எப்படின்னு சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"செவப்பா இருந்தாலும் நல்லாப் பேசுவாருன்னு சொல்லலயே."

இதற்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேறு மாதிரிச் சிரிப்பு. பாதியில் நின்றுவிட்டது.

"நம்ம பேச்சுல நிறவெறி இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். இந்த 'இருந்தாலும்'ங்கிறத மட்டும் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. யாரும் என்ன நோகடிக்கணும்னு சொல்லல. எங்க வீட்டுக்காரரும் அன்பாத்தான் சொன்னாரு, நீங்களும் பெருமையாத்தான் சொன்னீங்க. அதான் கண்டுபிடிக்க இவ்வளவு நாளாச்சு. வணக்கம்."

வந்து உட்கார்ந்தேன். என் அணியில் எனக்கு அடுத்துப் பேச வேண்டிய ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் கன்னத்தில் கை வைத்திருந்தார். "சேம்சைடு கோல் போட்டுட்டீங்களே டீச்சர். நான் இனிமே எதப் பேசுறது?" என்றார். "மன்னிச்சுக்குங்க சார்" என்றேன். அவர் எழுந்து போய்ச் சுருக்கமாகப் பேசிவிட்டு வந்தார். பெரும்பாலும் மழையைப் பற்றி.

தீர்ப்பு சொல்லும் நேரம் நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கமான நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

"இருக்குன்னு பேசுன மூணு பேரும் என்ன முழுசா நம்ப வைக்கல. இல்லைன்னு பேச வந்த அம்மா நம்ப வச்சுட்டாங்க. நான் ரொம்ப வருசமா இப்படித்தான் எல்லாரையும் அறிமுகம் பண்றேன். ஜனங்க சிரிப்பாங்க. சிரிச்சதனால அது நல்ல வார்த்தைன்னு நினைச்சுக்கிட்டேன். இருக்கு. அதான் தீர்ப்பு."

பொன்னாடை போர்த்தும்போது அவர் என்னிடம் தனியாக ஏதோ சொல்ல வந்தார். மேள சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டோம்.

வீட்டுக்காரரோடு பைக்கில் வீட்டுக்குத் திரும்பினேன். கீரனூர் தாண்டியதும், "நான் அதச் சொன்னப்பல்லாம் ஒனக்குக் கோவமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"அப்ப இல்ல."

"இப்ப?"

"இப்பவும் இல்ல. ஆனா இனிமே சொல்லாதீங்க."

"சரி" என்றார். கொஞ்ச தூரம் போய், "களையா இருக்கன்னு சொல்லலாம்ல?" என்று கேட்டார். தாராளமாகச் சொல்லலாம் என்றேன்.

யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றியது. அதன் பலனைப் பள்ளிக்கூடத்தில் அனுபவித்தேன். என்னைக் கண்டதும் எல்லோரும் வார்த்தையைத் தேட ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் கூட்டத்தில், "எட்டாம் வகுப்புல அந்தக் கறு..." என்று தொடங்கி என்னைப் பார்த்துவிட்டு, "அந்த போர்டு உடைஞ்சு கெடக்கு" என்றார். கணக்கு டீச்சர் கறுப்பு மைப் பேனாவைக் கைச்சாடையால் கேட்டார். "பேனாவையும் போர்டையும் விட்டுருங்க, அதுக பாட்டுக்கு இருக்கட்டும்" என்று நான் சொன்ன பிறகுதான் ஆசிரியர் அறை பழையபடி ஆனது. ஒரு பக்கம் சிரிப்பாக இருந்தாலும், பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்கிறார்களே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

சில மாதம் கழித்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குப் பெண் பார்க்க மணமேல்குடிக்குப் போனோம். பெண் அறந்தாங்கியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நல்ல உயரம், தெளிவான பேச்சு. மாப்பிள்ளையிடம் நேராகவே கேள்வி கேட்டாள். காபி கொடுத்தபோது எங்கள் முகங்களை அவள் பார்த்த விதத்தில், எங்களைத்தான் அவள் பார்க்க வந்தது போல இருந்தது.

திரும்பும் வழியில் வேனுக்குள் பேச்சு தொடங்கியது. அக்கா வீட்டுக்காரரின் தம்பி, "எல்லாம் சரி. பொண்ணு கறுப்பா இருந்தா..." என்று ஆரம்பித்தார். வேனில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெளியே பார்த்தேன். ஜன்னல் வழியே உப்பளம் போய்க்கொண்டிருந்தது. அவர் டிரைவரிடம் ஏசியைக் கூட்டச் சொன்னார்.

அக்காதான் பேசினாள். "பொண்ணு கறுப்பு. அழகா இருக்கா. எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். மூன்றும் தனித்தனி வாக்கியம். ஒன்றுக்கொன்று எந்த மன்னிப்பும் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்குடி?" என்றாள். சும்மா என்றேன்.

மறுவாரம் பெண் வீட்டிலிருந்து தகவல் வந்தது. பையன் நல்ல பையன்தான், ஆனால் கல்யாணம் பண்ணிக்கொண்டு சிங்கப்பூருக்கு வர அவளுக்கு விருப்பமில்லையாம். இருக்கிற வேலையை விட மாட்டாளாம். அக்காவுக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "நல்ல பொண்ணுடி, விட்டுட்டோம்" என்றாள். பிறகு அடுத்த வரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்தப் பெண் பொன்னமராவதிப் பக்கமாம். என்ன நிறம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டேன்.