கண்மூடிக் கேட்ட படம்

மண்ணின் ஆழத்து இருளிலும் உடன் நிற்கும் இறைவா, பிழை செய்த நாவோடு உன் தாள் பணிந்து தொடங்குகிறேன்.

இன்று கார்த்திகை முதற் சோமவாரம். நேற்று மாலை, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் பஜனை மடத்தில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் படம் ஒன்று காட்டினோம். அது அவர்களுக்குத் தகுமா என முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் பொறுப்பைச் செயலாளர் என்னிடம் விட்டிருந்தார்.

ஆண்டுதோறும் பதிகம் ஒப்பிக்கும் போட்டிக்கு நானே நடுவர். யார் வீட்டுப் பிள்ளை என்று அறியாதிருக்கக் கண்ணை மூடிக்கொண்டே மதிப்பெண் இடுவேன். சென்ற வாரம் மடிக்கணினியில் படம் ஓடத் தொடங்கியபோதும், பழக்கத்தால் இமைகள் தாமே மூடிக்கொண்டன.

“இன்னா சாமி, தூக்கமா?” என்றார் செயலாளர்.

“காது தூங்கல, ஓட்டுங்க.”

“கார்ட்டூனுக்கும் காதாலயே மார்க்கு போடற ஆளு நீங்க ஒருத்தர்தான்!”

குருவிக் குடும்பத்தின் கதை. வசைச்சொல் இல்லை, தெய்வ நிந்தனை இல்லை, பாட்டில் விரசம் இல்லை. நடுவே சிறிது நேரம் பேச்சின்றி இசை மட்டும் ஒலித்தது. இனிய இசைதான்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த அவள் கணவர், பங்காருபேட்டையில் நெரிசலில் ரயிலிலிருந்து விழுந்து இறந்து மூன்று மாதமாகிறது. எட்டு வயது மகள் அப்போதுதான் மீண்டும் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

“ஐயா, படத்துல சாவு கீவு வருதா? வந்தா சொல்லிடுங்க, பாப்பாவ அனுப்பல.”

“ஒண்ணும் இல்லம்மா. தைரியமா அனுப்புங்க.”

நேற்றுதான் கண் திறந்து பார்த்தேன். அந்த இசை ஒலித்த இடத்தில், விடியலில் இரைதேடிப் பறந்த தந்தைக் குருவி புயலில் சிக்கி ஆற்றில் விழுந்தது. ஓர் இறகு மட்டும் நீரில் மிதந்து போயிற்று. கூட்டில் குஞ்சுகள் வழி பார்த்திருந்தன.

முன்வரிசையிலிருந்த அச்சிறுமி அழவில்லை. திரைக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“பாத்துட்டுத்தான சொன்னீங்க ஐயா?” என்றாள் உடன் வந்திருந்த தாய்.

“இல்லம்மா. கண்ண மூடிக்கினு இருந்துட்டேன்.”

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்று காலை பூசையில் அமர்ந்தபோது, பள்ளிக்குக் கிளம்பச் சொல்லித் தாய் கெஞ்சுவது சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. சிறுமியின் குரல் எழவேயில்லை. நெடுநேரம் காத்திருந்தேன். எனக்கும் பதிகம் வரவில்லை.

இதைப் படிக்கும் யாவர் வீட்டிலும், காலையில் புறப்பட்டவர் மாலையில் நலமே திரும்புக. திரும்பாதவர்தம் பிள்ளைகளுக்கு இறைவன் அருகிருந்து அருள்க.