தலை கிள்ளும் வாரம்

ஊரில் அவளுக்குக் கிழங்குக்காரி என்று பேர். ரயில் பாதை வளைகிற இடத்தில், தண்டவாளத்தை ஒட்டிச் சரிவாக இறங்கும் ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்து டூலிப் கிழங்கு போடுகிறவள். டூலிப் என்றால் எல்லோருக்கும் பூதான் ஞாபகம் வரும். அவளுக்குப் பூ ஒரு இடைஞ்சல். மண்ணுக்கடியில் வெங்காயம் மாதிரி உருண்டிருக்கும் கிழங்குதான் அவளுடைய விளைச்சல். வசந்தத்தில் பூ விரிந்ததும் நிறம் சரியாக வந்திருக்கிறதா, வேறு ரகம் எதுவும் கலந்திருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்ப்பாள். பார்த்து முடித்த கையோடு வயல் முழுக்கத் தலையைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். கிள்ளினால்தான் செடியின் சத்து கீழே இறங்கிக் கிழங்கு பருக்கும். விட்டுவைத்தால் இதழ் உதிர்ந்து இலையிடுக்கில் விழும், ஒரு மழை பெய்தால் அழுகும், அழுகின இடத்தில் கருகல் நோய் பிடிக்கும். கருகல் விழுந்த மண்ணில் பல வருஷத்துக்குக் கிழங்கு வைக்க முடியாது.

நிலத்துக்காரம்மா குத்தகை கொடுத்த அன்றைக்கே பட்டென்று சொல்லியிருந்தாள். "கருகல் வந்துச்சுன்னா அன்னிக்கே நீ கிளம்பிடணும். அப்புறம் அழுதுக்கிட்டு வந்து நிக்கக் கூடாது."

அந்த வயல் கிடைப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணத்துக்கு முன்பே கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள். நாள் முழுக்கத் தோல் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்து, சாயங்காலம் சட்டைப் பித்தானைப் போடக்கூட முடியாமல் வீட்டுக்கு வருவாள். பிறகு அடுத்தவர் வயல்களில் கிள்ளப் போனாள், தோண்டப் போனாள், திட்டு வாங்கினாள், ஒருமுறை பதிலுக்குத் திட்டி வேலையை விட்டாள். புகை படிகிறது, சத்தம் கேட்கிறது என்று யாரும் சீந்தாமல் கிடந்த இந்தச் சரிவைத்தான் கடைசியில் அவளால் பிடிக்க முடிந்தது. அதில் முதல் கிழங்கை ஊன்றிய அன்று முழங்காலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பக்கத்தில் யாரும் இல்லாததால் அந்த அழுகை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் புருஷன் ரயில் டிரைவர். வருஷத்தில் பாதி நாள் சரக்கு வண்டி ஓட்டுவார். பூக்கிற மாதம் வந்தால் மட்டும் ராஜா. பழைய நீராவி எஞ்சினைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, பித்தளையையெல்லாம் பளபளவென்று தேய்த்து, மரப்பெட்டிகளை மாட்டி, வெளியூர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பூவயல்கள் நடுவே போய்வரும் வண்டிக்கு அவர்தான் டிரைவர். அந்த ஒரு மாதம் அவர் கால் தரையில் பாவாது. வீட்டில் கரண்டி விழுந்தால்கூட எஞ்சினில் ஏதோ கழன்றுவிட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பார்.

மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் வாய். யாராவது அவரைக் கொஞ்சம் உசத்திப் பேசிவிட்டால் போதும், வீட்டையே தாரை வார்த்துவிடுவார்.

அந்த வருஷம் பக்கத்து வயல்காரர்கள் முந்திக்கொண்டு கிள்ளிவிட்டார்கள். வளைவுக்கு அருகில் பூவோடு நின்றது இவள் வயல் மட்டும்தான். ரயிலை நடத்தும் மேனேஜர், ஞாயிற்றுக்கிழமைக் கடைசி வண்டி வரை பூ நிற்க வேண்டுமே என்று டிரைவரிடம் கவலைப்பட்டிருக்கிறார். டிரைவர் கவலையே படாமல் சொல்லிவிட்டார்: "அதுக்கென்ன சார், ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

சொன்னதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பெண்டாட்டி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரியும். அதனால் கேட்கவே இல்லை. வியாழக்கிழமை கிள்ள வருவதாக இருந்த பெண்களுக்கு அவரே போன் போட்டு, திங்கட்கிழமை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவள் வயலோரத்தில் கூடையோடு நின்றாள். யாரையும் காணோம். போன் போட்டால் ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்: "அண்ணன்தான் திங்கக்கிழமைன்னு சொன்னாரேக்கா. உங்ககிட்ட சொல்லலயா? நாங்க வேற வயலுக்கு ஒத்துக்கிட்டோமே."

சொல்லுங்கள், யாருக்குத்தான் கோபம் வராது?

சாதாரண நாளில் அவள் புருஷனை "வாய்யா, போய்யா" என்றுதான் பேசுவாள். மரியாதை கூடினால் கோபம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அன்று சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்ததும், "வாங்க, உக்காருங்க, சாப்பிடறீங்களா?" என்றாள். மனுஷன் நாற்காலிப் பக்கமே போகவில்லை.

"மூணு நாள்தானே. அதுக்குள்ள என்ன குடி முழுகிடப் போவுது?" என்றார், கோட்டைக் கழற்றாமலேயே.

"என் வயல்ல எப்பக் கிள்ளணும்னு நீங்க எப்படிங்க முடிவு பண்ணினீங்க?"

"மேனேஜர் அவ்வளவு தூரம் கேட்டாரு. முடியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"என்கிட்ட கேக்காம இருந்தது நல்லா இருந்துச்சா?"

மாட்டிக்கொள்ளும்போது ஆண்கள் செய்வதை அவரும் செய்தார். தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டார். அவர் படுத்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை முழுக்க விடாமல் பெய்தது. ஈரத்தில் செடிக்குள் நடந்தால் நோயைக் காலோடு இழுத்துக்கொண்டு போன மாதிரி ஆகும் என்பதால், அவள் ஜன்னலோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை வெயில் வந்தது. வயலுக்கு ஓடினாள். தண்ணீர் போய்த் தேங்கும் கீழ்ப்பக்கத்தில் சிவப்பிதழ்கள் இலைமேல் நைந்து ஒட்டிக்கிடந்தன. ஒன்றை விரலால் தள்ளிப் பார்த்தாள். அடியில் இலை பழுப்புப் புள்ளியாகச் சுருண்டிருந்தது. அடுத்த செடியிலும் அப்படித்தான்.

நேரே ரயில்நிலையத்துக்குப் போனாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நடைமேடையில் கூட்டம், எஞ்சின் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கருகல் வந்துருச்சு," என்றாள்.

அவர் முகம் சட்டென்று வெளிறிவிட்டது. ஆனால் பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். "சரி சரி, வண்டில ஏறு, அப்புறம் பேசலாம்," என்றார் தணிந்த குரலில். மேனேஜருக்கு என்ன புரிந்ததோ, "அடடே, பூந்தோட்டத்து அம்மாவா? வாங்க வாங்க, உங்களுக்கு இல்லாத இடமா," என்று அவளை முதல் பெட்டியில் ஏற்றி ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டார். அவளும் ஏறினாள். வண்டி அவள் வயலில்தான் நிற்கப் போகிறது. நடந்து போவதைவிடச் சீக்கிரம் போகலாம்.

இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவள் ஏறியதே இல்லை. மர இருக்கைக்கு மெழுகு பூசி வழவழவென்று வைத்திருந்தார்கள். நிலக்கரி வாடை மூக்கில் ஏறியது. பெட்டி குலுங்கி நகர்ந்ததும் எல்லோரும் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள். தூரத்து மேட்டு வயல்களில் மஞ்சளும் ஊதாவும் பட்டை பட்டையாக விரிந்தன, நடுவே எஞ்சின் புகை வெள்ளையாக உருண்டு போனது. அழகுதான், இல்லையென்று யார் சொன்னார்கள்? அந்த அழகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

பெட்டியில் மைக் பிடித்து விளக்கம் சொல்கிறவள் அவளுடைய நாத்தனார். அண்ணனுக்கு ஏற்ற தங்கச்சி. "அடுத்து வரப்போற வயல் ரொம்ப ஸ்பெஷல்," என்று ஆரம்பித்தாள். "நம்ம டிரைவர் குடும்பம் உங்களுக்காகவே பூவைக் கிள்ளாம விட்டுவெச்சிருக்காங்க. இதோ, எங்க அண்ணியே இங்க உக்காந்திருக்காங்க. அண்ணி, ஒரு நிமிஷம் எழுந்திருங்க."

கைதட்டினார்கள். அவள் எழுந்தாள். நாத்தனார் பாசமாக மைக்கை நீட்டினாள்.

"நான் விட்டுவெக்கல," என்றாள் கிழங்குக்காரி. "என்னைக் கேக்காம விடவெச்சுட்டாங்க. இப்ப அதுல நோய் விழுந்துருச்சு. வயல் என் கையை விட்டுப் போகப் போகுது. நல்லாப் பாத்துக்கங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் மைக்கைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், பிறகு எதிரே தெரிந்த பாலத்தைப் பற்றி என்னவோ சொல்ல ஆரம்பித்தாள்.

வளைவில் வண்டி நின்றது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜனங்களையெல்லாம் இறக்கிவிட்டு, காலி வண்டியைப் பின்னோக்கித் தண்ணீர்த் தொட்டி வரை கொண்டுபோவார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, நெருப்பை நன்றாக ஏற்றி, குபுகுபுவென்று புகை விட்டபடி வளைவில் திரும்பி வருவார்கள். பூவுக்கு நடுவே எஞ்சின் வருவதை எல்லோரும் படம் எடுப்பார்கள். டிரைவருக்கு வாழ்க்கையிலேயே பிடித்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

வண்டி பின்வாங்கி மறைந்தது. மேனேஜரும் அதிலேயே போய்விட்டார். கிழங்குக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேல்வரிசையில் இறங்கினாள். மேல்பாதி மேடு, காய்ந்திருந்தது. அங்கே புள்ளி எதுவும் தென்படவில்லை. நோய் விழுந்த கீழ்ப்பாதி ஆரம்பிக்கிற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சியை ஊன்றினாள். இரண்டு கையாலும் டக் டக்கென்று தலையைக் கிள்ளி மடியில் போட ஆரம்பித்தாள்.

"ஐயையோ, ஏன் பூவைப் பிய்க்கறீங்க?" என்று கேமராவோடு நின்ற ஒருவர் பதறினார்.

"பூ எனக்கு வேண்டாம், கிழங்கு வேணும்," என்றாள் நிமிராமலே.

ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி ஓரத்துக்கு வந்தாள். "நாங்களும் பறிக்கலாமா?"

கிழங்குக்காரி அப்போதுதான் நிமிர்ந்தாள். தண்டவாளத்தை ஒட்டி வண்டி நிறைய ஜனம், கை காலோடு சும்மா நின்றது. கிள்ள வராத பெண்களைவிட எத்தனையோ மடங்கு ஜனம்.

"பறிக்கக் கூடாது. தலையை மட்டும் கிள்ளணும். பூவை நீங்களே எடுத்துட்டுப் போங்க, ஒரு இதழ்கூடக் கீழ விழக் கூடாது. தண்டையோ இலையையோ தொட்டா கையை ஒடிச்சிருவேன். அந்தக் குச்சிக்குக் கீழ ஒருத்தரும் கால் வெக்கக் கூடாது."

அவ்வளவுதான். திட்டினதைக்கூட உபசாரமாக எடுத்துக்கொண்டு திபுதிபுவென்று இறங்கினார்கள். தொப்பியில், பையில், மடியில் பூவை நிரப்பினார்கள். அவள் வரிசைக்கு வரிசை ஓடினாள். "ஏங்க, அது தலையா, தண்டா? கண்ணு தெரியலயா?" என்று ஒரு பெரியவரை அதட்டினாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடுத்ததைக் கிள்ளினார். நாத்தனார் அண்ணனுக்குப் போன் மேல் போன் போட்டுப் பார்த்தாள். எஞ்சின் இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கப் போகிறது?

விசில் கேட்டது. வானத்துக்கும் பூமிக்குமாகப் புகை விட்டுக்கொண்டு, பித்தளை மின்ன, வளைவில் எஞ்சின் வந்தது. டிரைவர் ஒரு கையை ஜன்னலில் வைத்து, படத்துக்காகச் சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். மேல்பாதி முழுக்க வெறும் பச்சை. கீழே மட்டும் நைந்துபோன சிவப்பு. சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டு வந்து வண்டியை நிறுத்தினார்.

மேனேஜர் குதித்து இறங்கினார். "யாரைக் கேட்டு இதெல்லாம் பண்றீங்க?"

"என்னைக் கேட்டுத்தான்," என்றாள்.

மேனேஜர் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? வயல் உங்களுதுன்னுதானே நான் நெனச்சேன்."

அத்தனை பேரும் மடி நிறையப் பூவோடு டிரைவரைப் பார்த்தார்கள். அவர் கரித்துணியில் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "அவளோட வயல் சார்," என்றார். "நான் அவளைக் கேக்கல."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டிப் பக்கம் கை காட்டினார். ஜனங்கள் பூவோடு ஏறினார்கள். டிரைவர் கீழேயே நின்றார். "நானும் இருந்து ஏதாவது..." என்று இழுத்தார்.

"நீங்க போங்க. உங்க வண்டிக்கு நேரமாச்சு."

அவர் போனார். அவள் அன்று வண்டியில் ஏறவில்லை.

திங்கட்கிழமை நிலத்துக்காரம்மா வந்தாள். யாரும் சொல்லி அனுப்பவில்லை; கிழங்குக்காரியே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தம்மா கீழ்ப்பாதியில் குனிந்து இலையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மேல்பாதிக்கு ஏறி, வரிசை வரிசையாக நடந்து அங்கேயும் புரட்டிப் பார்த்தாள். டிரைவர் வரப்பில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கீழ இருக்கறதைத் தோண்டி எரிச்சுடு. அந்தப் பாதிய நான் திருப்பி எடுத்துக்கறேன், புல்லுதான் போடணும்," என்றாள் அந்தம்மா. "மேல சுத்தமா இருக்கு. நேரத்துல கிள்ளியிருக்கே. அத நீயே வெச்சுக்க."

அந்தம்மா போனதும் டிரைவர் பெரிதாக மூச்சு விட்டார். பெண்டாட்டியின் பக்கத்தில் வந்து நின்றார். "போகட்டும், நமக்குப் பாதியாவது தப்பிச்சுதே," என்றார்.

கிழங்குக்காரி மண்வெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நமக்கு இல்லீங்க. தப்பிச்சது என் பாதி. கருகிப்போச்சு பாருங்க, அதுதான் உங்க பாதி. போய்த் தோண்டுங்க."

அவர் தொப்பியை வரப்பில் வைத்தார். பிறகு கீழே இறங்கிப் போனார்.