தட்டினால் விழிக்கும் மணி

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போயிற்று. வலது கை மட்டும் ஓரளவு சொன்னபடி கேட்டது. விரலால் பொத்தானை அழுத்த முடியாது. புறங்கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட முடியும். அதை நம்பித்தான் அந்த மணியைச் செய்தேன்.

மனைவிக்கு அம்பத்தூரில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஆவடிக் குடியிருப்பில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரே சுவர். அப்பா தட்டினால் அக்காவின் சமையலறையில் மணி அடிக்கும், அவர் வந்து பார்ப்பார் என்று ஏற்பாடு.

பகலில் அடிக்கடி மின்சாரம் போகும் என்பதால் பேட்டரி வைத்தேன். முதலில் செய்த சர்க்யூட் எந்நேரமும் விழித்திருந்தது. நான்காம் நாள் பேட்டரி தீர்ந்தது. இரண்டாவதைத் தூங்கவைத்தேன். அலாரக் கடிகாரத்தில் ஒலி எழுப்பும் மெல்லிய பித்தளைத் தகட்டை எடுத்துக் கட்டில் சட்டத்தில் ஒட்டினேன். அது அதிர்ந்தால் துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளி சர்க்யூட்டை எழுப்பும்; மணி ஐந்து விநாடி அடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். தூங்கும்போது பேட்டரிச் செலவைக் காட்டும் மீட்டரின் முள் அசையவே இல்லை. டைரியில் அந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

ஒன்றாம் தேதிக்கு முன் ஒத்திகையாக, மணி அடித்தால் அக்காவே வந்து பார்ப்பது என்று வைத்தோம். அதன் மூன்றாம் நாள் மாலை அக்கா வந்தார்.

"தம்பி, இன்னிக்கு ஆறு தடவை ஓடியாந்துட்டேன். ஐயா கூப்பிடவே இல்லேன்னு தலையாட்டுறாரு. கொழம்பு தீஞ்சதுதான் மிச்சம்."

அக்கா போனதும் மனைவி தணிந்த குரலில், "மாமா தட்டிட்டு மறந்துடறாரோ என்னமோ. இப்படின்னா நான் எப்படிங்க போறது? வேலை வேணாம்னு எழுதிப் போட்டுடறேன்" என்றாள்.

அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அப்போது அவரை முழுதாக நம்பவில்லை.

மணி அடிக்கும் நேரத்தைச் சீட்டில் எழுதிவைக்கும்படி அக்காவிடம் சொன்னேன். தினமும் அதை டைரியில் கட்டம் போட்டுப் பெயர்த்து எழுதினேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மதியம் இரண்டிலிருந்து நான்கு. ஞாயிறு ஒன்றுமில்லை. எழுதினேனே தவிர, எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

விடுப்பு எடுத்திருந்த ஒரு நாள், பூந்தமல்லியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த நூம்பல் ஊர்க்கார நண்பர் புது பேட்டரியுடன் வந்தார். டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தவர், சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, ஊடு ஆடுது? நீ பாட்டுக்கு குந்திகினு கீறே."

"எங்கே ஆடுது?"

"டம்ளரைப் பாரு மாமே."

டீயில் வளையம் வளையமாக நடுங்கியது. அதே நேரம் சுவருக்கு அப்பால் மணி அடித்தது.

குடியிருப்பு மதிலுக்குப் பின்னால் தொழிற்சாலையின் ராணுவ டாங்கிகள் சோதனை ஓட்டத்தில் இருந்தன. அவற்றில் பொருத்தும் மீட்டர்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. பதினோரு வருடம் குடியிருந்ததில் அந்த அதிர்வு எனக்கோ மனைவிக்கோ அக்காவுக்கோ உறைப்பதே இல்லை. பித்தளைத் தகடு மட்டும் புதிதாகக் குடிவந்தது.

"டாங்கி வந்து பெல்லடிச்சிக்கீது. நீ பெரியவரு மேல பழியப் போட்டுட்டே" என்றார் நண்பர்.

தரையின் அதிர்வு கட்டிலுக்கு ஏறாதபடி, அன்றே பழைய சைக்கிள் டியூபை வெட்டி, நான்காக மடித்து, கட்டிலின் ஒவ்வொரு கால் அடியிலும் வைத்தேன். மறுநாளும் டாங்கிகள் ஓடின. மணி வாய் திறக்கவில்லை. அப்பாவிடம், "தப்பு என்னுதுதாம்ப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சட்டத்தை ஒரு தட்டு தட்டினார். அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

"இப்ப யாரு, ஐயாவா டாங்கியா?"

அப்பாவின் முகத்தில் அசையக்கூடிய பாதி சிரித்தது.

ஒன்றாம் தேதி மனைவி ஏழே முக்கால் ரயிலுக்குக் கிளம்பினாள். மாலை வந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் அக்காவின் சீட்டை வாங்கிப் படித்தாள். அந்தச் சீட்டை டைரியில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒரே வரிதான்: "11.20. ஐயாதான். ஜன்னலைத் திறக்கச் சைகை காட்டினார்."