கொஞ்சம் பிரேக்

லூர்து மாமா இத்தாலியில், மொண்டெல்லோ கடற்கரைப் பக்கம், ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்கிறார். மாலையில் தமிழர் குடியிருக்கும் சீசா பகுதிக்குத் திரும்பும்போது, அந்தப் பக்கம் வேலைசெய்யும் நான்கு பெண்களையும் தன் பழைய வான் வண்டியில் ஏற்றி வருவார். அவர் தொடங்கிய கோயில் பாட்டுக்குழு அந்த நால்வர்தான். வேறு நேரம் கிடைக்காததால் பயிற்சியும் வானிலேயே நடந்தது.

"போன வருடம்போல ஒரே சத்தமாகக் கத்தினால், மாதா திருநாளுக்கு ஓர்கன் மட்டும் போதும்" என்று இத்தாலியப் பங்குத்தந்தை சொல்லியிருந்தார். மாமாவுக்கு அது மானப்பிரச்சினை.

வான் ரேடியோவில் பாட்டைப் போட்டு, கூடவே பாடினார்கள். வேகம் கூடினால் அந்த ரேடியோ தானாகச் சத்தத்தைக் கூட்டும். வேகம் குறைந்தால் குறைக்கும். குழுவும் அப்படியே பழகிவிட்டது. நேர்ச்சாலையில் முழங்கும், சிவப்பு விளக்கில் அடங்கும்.

திருநாளுக்கு முந்திய வாரம் வேகம் காட்டும் முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. ரேடியோவும் முணுமுணுத்தது.

"லூர்தண்ணை, வான் ஓடுதோ நிக்குதோ?" என்றார் குழுவிலிருந்த மொனிகா அன்ரி.

கராஜில் மெக்கானிக் கஜானன் அண்ணா பார்த்தார். "சில்லுக்குப் பக்கத்திலை இருக்கிற சென்சர், சில்லு சுத்திறதை பிரேக் கொம்பியூட்டருக்குச் சொல்லும். அது வேகத்தைக் கணக்குப்பண்ணி, வாட்ஸ்அப் குறூப்பிலை போடுறமாதிரி பொது வயரிலை போடும். மீற்றர், ரேடியோ எல்லாம் அதைப் பாத்துத்தான் நடக்கும். இப்ப சென்சர் செத்துப்போச்சு."

"புதுசு எப்ப வரும்?"

"ஓகஸ்ட் லீவிலை இஞ்சை எவன் கடை திறக்கிறான்? செப்டெம்பர்தான். அதுவரை மெதுவா ஓடுங்கோ."

ரேடியோ வழிகாட்டாததால் குழு பழையபடி ஒரே மட்டத்தில் பாடியது. மாமா யோசித்தார். "இனி என்ரை வலது காலைப் பாருங்கோ. அமத்தினால் கூட்டுங்கோ. பிரேக்குக்குப் போனால் குறையுங்கோ."

"கிளட்ச் மிதிச்சால்?"

"மூச்செடுங்கோ, மொனிகா."

திருநாளன்று மாமா குழுவுக்கு எதிரே கதிரையில் அமர்ந்து, வெறுந்தரையை மிதித்து மிதித்துப் பாட்டை ஓட்டினார். உச்ச இடத்தில், அவர் கால் முழுவதும் அழுந்தியிருந்தபோது, ஒரு குழந்தை குறுக்கே ஓடியது. கால் தானாகப் பிரேக்குக்குப் பாய்ந்தது. நான்கு குரல்களும் ஒரே நொடியில் கிசுகிசுப்பாகின. கோயிலே மூச்சை அடக்கியது.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த இடத்தில் அடங்கினீர்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர்?"

மாமா தன் வலது காலைப் பார்த்தார். "பிரேக், பாதர்."

அடுத்த வருடமும் குழுதான் பாடும். பங்குத்தந்தை இப்போது ஓர்கன் வாசிப்பவரிடமும் சொல்கிறார்: "இங்கே கொஞ்சம் பிரேக்."