ரெக்ஸின் கூண்டுக்குள் ஒரு சூரியன்

காலை ஒன்பதே முக்காலுக்குப் பாண்டிமீனா தையல் மெஷினை விட்டு எழுந்துவிடுவார். பாதி தைத்த ஆட்டோ சீட் உறை ஊசியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கக்கத்தில் பிளைவுட் பலகை, காதில் பென்சில். கடைக்குப் பின்னால் இரும்பு ஏணியில் அவர் மொட்டை மாடிக்கு ஏறும்போது, கீழே காத்திருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் தங்கப்பாண்டி, "யக்கா, என் சீட்டு என்னாச்சு?" என்பார். "உன் ஆட்டோ இங்கனதான நிக்கும். மப்பு போட்டா சூரியன் நிக்குமா? பத்து நிமிசம் பொறுப்பா" என்று மேலிருந்து குரல் மட்டும் வரும். அவனியாபுரம் ஓட்டுநர்களுக்கு இது பழகிவிட்டது.

மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி. அதில் யாரும் கண் வைப்பதில்லை. வைத்தால் கண் போய்விடும். அது சூரியனின் உருவத்தைப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளில் விழவைக்கிறது. தாளைச் சுற்றி வெளிச்சம் புகாமல் கறுப்பு ரெக்ஸினில் அவரே ஒரு கூண்டு தைத்து மாட்டியிருக்கிறார். வட்டம் போட ஒரு எவர்சில்வர் தட்டு. வட்டத்துக்குள் சூரியனைப் பொருத்தி, கரும்புள்ளிகள் விழும் இடங்களைப் பென்சிலால் தொட்டு, எண்ணி, நேரம் குறிக்கிறார். ஆறு வருடமாக இதுதான். மழை நாளில் வெறும் வட்டம், அதன் கீழே "மப்பு. பாக்கல." ஒரு தாளில் "நாத்தனா மக சடங்கு. பாக்கல" என்றிருக்கிறது.

எனக்கு இந்தப் பெண்மணி மேல் பொறாமை. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தொலைநோக்கியே என்னுடையதுதான். விளாங்குடியில் என் வீட்டு மாடிக்கு, சூரியனைச் செக்கச்செவேல் என்று காட்டும் விலையுயர்ந்த கருவி வந்தபோது, பழையதைப் பெட்டியோடு இவரிடம் கொடுத்துவிட்டு என் ஸ்கூட்டருக்கு ஒரு சீட் உறை தைத்து வாங்கிக்கொண்டேன். லாபம் என்று நினைத்தேன். தினமும் தல்லாகுளம் அலுவலகத்துக்கு அந்த உறை மேல் உட்கார்ந்துதான் போகிறேன். ஒரு தையல்கூட இன்னும் விடவில்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

என் கருவியில் சூரியன் மேல் மிதக்கும் இழைகள் தெரியும். ஒருமுறை அவரை வரவழைத்துக் காட்டினேன், பெருமைக்குத்தான். நெடுநேரம் பார்த்தார். "கறுப்பு நூலு பிரிஞ்சு கெடக்குற மாதிரி இருக்குண்ணே. அம்புட்டு அழகு" என்றவர், "நாளைக்கு இந்த நூலு எங்கிட்டு நகந்திருக்கும்?" என்று கேட்டார். மறுநாள் நான் கருவியைத் திறக்கவேயில்லை. அவர் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மதுரையைச் சுற்றி எங்களைப் போன்றவர்கள் பதினேழு பேர், ஒரு வாட்ஸப் குழு. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்றின் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு பளிச்சிட்டு, நாலு நிமிடத்தில் அணைந்ததாகப் பாண்டிமீனா வரைந்து அனுப்பினார். சூரியச் சுடர். என்னுடையதைப் போன்ற கருவிக்கு அது அபூர்வமல்ல. வெறும் தாளில், இத்தனை சின்னத் தொலைநோக்கியில் அதைப் பார்ப்பது ஆயுளில் ஒருமுறை வாய்த்தால் உண்டு. அதே தொலைநோக்கியோடு வருடக்கணக்கில் காத்திருந்தவன் நான். அந்த நாலு நிமிடம் அலுவலகத்தில் கைரேகை வைக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

குழுவில் பாராட்டு குவிந்தது. நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: "செயற்கைக்கோள் படம் கைப்பேசியில் வந்தபிறகு வரைந்ததாகவும் இருக்கலாம் அல்லவா?" பாராட்டு நின்றது. இருபது வருடமாக எங்கள் பதிவேட்டைப் பராமரிக்கும் பீமாராவ், சாட்சி இல்லை என்று அதை ஏற்றாமல் நிறுத்திவைத்தார். "நான் தாளப் பாத்துத்தான் வரஞ்சேன்" என்று மட்டும் பாண்டிமீனா பதில் போட்டார். எனக்கு அந்தச் சந்தேகம் அவ்வளவு சுலபமாக வந்ததற்குக் காரணம் உண்டு. மேகமூட்டமான நாட்களில் நான் செய்வதே அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் அவர் மாடிக்கு ஏறினேன். முகம் சுளிக்காமல் வியாழக்கிழமைத் தாளை எடுத்து நீட்டினார். குழுவுக்கு அந்தக் கரும்புள்ளிக் கூட்டத்தை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பியிருந்தார். முழுத் தாளை அன்றுதான் பார்த்தேன். வட்டத்தின் இடது கீழ் ஓரத்தில் வளைந்த சின்னக் கோடு ஒன்று, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

"இது என்னம்மா?"

"அது சூரியன்ல இல்லண்ணே, கண்ணாடில உள்ள கீறலு. ஆட்டிப் பாத்தா சூரியன் நகருது, அது நகர மாட்டேங்குது. தாள்ல விழுகுதுல்ல, அதனால அதையும் போட்டுருவேன்."

கைப்பேசியைப் பார்த்து வரைகிறவருக்கு அந்தக் கீறல் எங்கிருந்து வரும்? அவர் தாளைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். ஆனால் அந்தக் கீறல், சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்து நான் உண்டாக்கியது. ஆரம்ப காலத்தில் இரண்டு மாதம் அதைக் கரும்புள்ளி என்று எண்ணி பீமாராவுக்கு அனுப்பிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். சூரியன் சுழல்கிறது, எந்தப் புள்ளியும் ஒரே இடத்தில் நிற்காது என்று உறைத்தபோது வாயை மூடிக்கொண்டேன். பதிவேட்டில் அது இன்னும் என் பெயரோடு இருக்கிறது.

"அந்தக் கீறல் நான் போட்டதும்மா" என்றேன்.

"தெரியும்ணே." தொலைநோக்கிப் பெட்டியின் அடியில் கைவிட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்தார். என் கையெழுத்து, என் வட்டங்கள். ஒவ்வொன்றிலும் இடது கீழ் ஓரத்தில் அதே வளைந்த கோடு, 'கரும்புள்ளி' என்ற குறிப்போடு. "பெட்டியோட வந்துச்சு. இத வச்சுத்தான் எனக்கே அது கீறலுன்னு வெளங்குச்சு."

"இதயும் உன் தாளயும் சேத்துக் குரூப்புல போட்டிருந்தா அன்னைக்கே உன்னய நம்பியிருப்பாங்கள்ல? ஏம்மா போடல?"

"உங்க தாளுண்ணே. நான் எப்பிடிப் போட?"

கூண்டுக்குள் தலையை விட்டு அன்றைய சூரியனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

என் பழைய தாள் ஒன்றையும் அவருடைய வியாழக்கிழமைத் தாளையும் பலகை மேல் அருகருகே வைத்துப் படமெடுத்தேன். "கீறல் என்னுடையது. இரண்டு மாதம் அதைக் கரும்புள்ளி என்று அனுப்பியவனும் நான். சுடரைப் பார்த்தவர் பாண்டிமீனா" என்று தட்டினேன். பதினேழு பேர். கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. "இந்த வெயில்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்று முணுமுணுத்தேன். பாதி நிஜம், பாதி பொய்.

பாண்டிமீனா கூண்டிலிருந்து தலையை எடுத்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, தையல் சாக்பீஸ் தூள் அப்பிய இரண்டு கைகளையும் சேர்த்து என் கைப்பேசிக்கு மேல் நிழல் பிடித்தார்.